துணி அளவில் வெட்டிய பெட்டி

மகன்,

நீ சுகமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். சுகமில்லாதவனால் நேற்றுப் பின்னேரம் போனில் அப்படிக் கத்த முடியாது. நானும் உன் தங்கச்சியும் சுகம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், நீ கேட்டால்தானே! "இந்த வைகாசியும் வேணாம் அம்மா, சமைக்கிறதுக்குத் தங்கச்சிட வீட்டுக் குசினி கட்டி முடியட்டும், மறுகாப் பாப்பம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். போனில் உன்னோடு பேசி வெல்ல எனக்கு ஏலாது. நான் கதைக்கக் கதைக்க நீ "ம், ம்" என்று சொல்லிக்கொண்டே பாசிக்குடாவில் ஏதோ ஒரு ஹோட்டல் யன்னலுக்கு அலுமினியச் சட்டம் அளந்துகொண்டிருப்பாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத்துக்குள் நீ குறுக்கே விழ முடியாது. தங்கச்சிக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன். ஊரில் வேறு யார் கேட்டாலும் வாசிக்கட்டும், இதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

விசயம் உன் கலியாணம். சித்திரைக்கு வைத்ததை ஆவணிக்குத் தள்ளினாய். ஆவணிக்கு வைத்ததை வைகாசிக்குத் தள்ளினாய். இப்போது வைகாசியும் வேண்டாமாம். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று எத்தனை காலம் நிற்கப்போகிறாய்? கரடியனாற்றில் நிரோசாவின் அம்மா தன் மகளுக்கென்று வீடு கட்டி, வெள்ளையடித்து, நிலைக்கு மஞ்சள் பூசி வைத்துக்கொண்டு உன்னைப் பார்த்திருக்கிறாள். நம் பகுதியில் வீடு பெண்ணுக்கு, ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போவான். இது நேற்று வந்த வழக்கமல்ல. உன் அப்பாவும் செட்டிபாளையத்திலிருந்து பனிச்சங்கேணிக்கு என் அம்மா தந்த வீட்டுக்குத்தான் வந்தார். வந்த முதல் கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், மறுகிழமை கூரையில் ஏறிக் கிடுகு மாற்றினார். அவ்வளவுதான்.

போன கிழமை நிரோசா இங்கே வந்தாள். உனக்குச் சொல்லவில்லை. சட்டைக்கு அளவு கொடுக்க வந்ததாகச் சொன்னாள். கரடியனாற்றில் தையல்காரியே இல்லையாக்கும்! நான் தோளில் அளவு நாடாவை வைத்து நிற்கிறேன், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்கிறாள்: "மாமி, ஒண்டு கேட்டாக் கோவிக்க மாட்டீங்கதானே? அவருக்கு என்னில விருப்பமில்லையா? இல்லாட்டிச் சொல்லச் சொல்லுங்க. நான் அழ மாட்டன்." அழ மாட்டேன் என்று சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. எனக்கு உன்மேல் வந்த கோபத்துக்கு, நீ பக்கத்தில் இருந்திருந்தால் அளவு நாடாவாலேயே அடித்திருப்பேன். "விருப்பமில்லாம என்ன புள்ள, அவனுக்கு எங்கள விட்டுட்டு வரப் பயம்" என்றேன். "என்ன பயம் மாமி?" என்றாள். உன் குணத்தை ஒரு வாயில் சொல்லி முடிக்க முடியுமா?

அப்போதுதான் அவள் என் தையல் மெசின் பெட்டியைப் பார்த்தாள். "இந்தப் பெட்டி ஏன் மாமி ஒரு பக்கம் மட்டும் வீங்கிக் கிடக்கு?" என்று கேட்டாள். சரி, இதைச் சொன்னால் உன்னைச் சொன்னதாகும் என்று நினைத்து, உட்கார வைத்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துச் சொன்னேன். அவளுக்குச் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த கதைதானே என்பாய். உனக்குத் தெரியாது. நீ செய்தவன், பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

சுனாமி வந்த அந்தப் பௌர்ணமிப் போயா நாள் காலையில் நம் வீட்டில் ஊர்ப் பிள்ளைகளின் வெள்ளைத் துணி குவிந்து கிடந்தது. தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு அரசாங்கம் கொடுத்த சீருடைத் துணி. வெட்டி, ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயரெழுதிய கடதாசியைக் குண்டூசியால் குத்தி அடுக்கியிருந்தேன். நீயும் தங்கச்சியும் மாங்கேணிக்குப் போயிருந்தீர்கள், அது அம்மாளாச்சி செயல். நான் பூவரச மரத்தைக் கட்டிப்பிடித்துத் தப்பினேன். தண்ணீர் வடிந்தபோது அந்த வெள்ளைத் துணிகள் தாழம் பற்றைகளில் தொங்கின. சிலவற்றில் பெயர்க் கடதாசி அப்படியே இருந்தது, பெயருக்குரிய பிள்ளை இல்லை. அப்பாவைக் கரைவலைக்காரரின் வாடிக் குடிசைக்குப் பக்கத்தில் கண்டெடுத்தோம். கண்டெடுத்தோமே, அதுவே பெரிது என்று ஊர் சொன்னது. நான் அழுதேனா இல்லையா என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை.

வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் இருந்தது. நீ ஒரு கம்பியை எடுத்து மணலைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு நடந்தாய். "என்னடா தேடுறாய்?" என்றேன். "உங்கட மெசின." எனக்கு எரிச்சல் வந்தது. "அதெல்லாம் கடலுக்குள்ள போயிருக்கும், விட்டுட்டு வா" என்றேன். "இரும்பு நீந்தாதம்மா. இஞ்சதான் எங்கயோ தாண்டு கிடக்கும்" என்றாய். எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டு நின்ற நேரத்தில் உனக்கு மட்டும் அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? கிணற்றுக்கு அங்கால் தாழம் பற்றை வேருக்குள் கம்பி 'டங்' என்றது. மெசினின் தலை மட்டும் கிடைத்தது. மிதிக்கிற காலும் மேசையும் மூடியும் போய்விட்டன. நீ அதைப் பிள்ளையைத் தூக்குவது மாதிரிக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாய். அகதிகளாய் நாம் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில், மற்றவர்கள் சோற்றுக்கு வரிசையில் நிற்க, நீ ஒரு மூலையில் மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் ஒவ்வொரு திருகாணியாய்க் கழற்றிப் போட்டு ஊற வைத்தாய். வாழைச்சேனையில் பழைய இரும்பு விற்பவரிடம் கையால் சுற்றுகிற பிடியொன்று தேடி வாங்கிப் பூட்டினாய். மெசின் ஓடியது. அதுவும் எப்படி ஓடியது! நான் முதல் தைத்தது தங்கச்சிக்கு ஒரு பாவாடை. அதற்கப்புறம் நம் மூன்று பேரின் வயிற்றுக்கும் அந்த மெசின்தான் என்று நம் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

கூடாரத்துக்கு வந்தபோதுதான் தொல்லை. தறப்பாள் போட்ட கூடாரம், கீழே மணல், பக்கத்தில் உப்புக் காற்று. இரவில் மூடி வைத்தாலும் காலையில் மெசின் கிறீச்சென்று கத்தும். "இதுக்கொரு பெட்டி வேணும்" என்று நீ சொன்னாய். பலகை வாங்க ஏது வழி? ஆனால் கரை முழுதும் மரம்தான் கிடந்தது. கதவு, நிலை, கைமரம், தோணிப் பலகை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உட்காரும் வாங்கு எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஆளாளுக்கு அள்ளினார்கள், விறகுக்கும் கூடாரக் காலுக்கும். நான் பிழை சொல்ல மாட்டேன், அது அந்த நேரத்து அவசரம். நீ மட்டும் ஒவ்வொரு பலகையாய்ப் புரட்டி, "இது ஆரட?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தாய்.

பாக்கியக்கா உன்னைத் திட்டியது நினைவிருக்கிறதா? பக்கத்து வளவுக்காரி, புருசனையும் வீட்டையும் ஒரே காலையில் கொடுத்தவள். அவளிடம் போய், "பாக்கியக்கா, உங்கட குசினிக் கதவு அந்தா கிடக்கு, நான் எடுக்கட்டா?" என்று கேட்டாய். "என்னடா மனே, எல்லாம் போய் நடுத்தெருவில நிக்கிறன், நீ வந்து கதவுக்குப் பெர்மிசன் கேக்கிறாய்?" என்று பிடித்துக்கொண்டாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "எடு மனே, எடு. எனக்கொரு குசினி இருந்திச்செண்டு நீ ஒருத்தன்தான் கேட்டாய்" என்றாள். கேட்பதற்கு ஆளே மிஞ்சாத வீடுகளின் மரத்தை நீ எடுக்கவில்லை. தூக்கிப் போய் அந்தந்த வீட்டு அத்திவாரத்தில் சாத்தி வைத்துவிட்டு வந்தாய். அதை யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை. நான் சொல்லித் தந்தேன் என்று பெருமைப்பட எனக்கு ஆசைதான், ஆனால் பொய் சொல்லக்கூடாது. எனக்கே அது தோன்றவில்லை.

அப்பாவின் தோணி பாதியாய் முறிந்து வாவிப் பக்கம் கண்டல் மரங்களுக்குள் சொருகிக் கிடந்தது. நல்ல பலகை, எத்தனை வருசம் தண்ணீரில் கிடந்தாலும் உக்காத பலகை. பெட்டிக்கு அதுதான் சரி என்று உனக்குத் தெரியும், ஆனால் நீ அதைச் சுற்றிச் சுற்றி வந்தாயே தவிரத் தொடவில்லை. ஒருநாள் என் முன்னால் வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். "அப்பாட தோணியில கை வைக்கட்டா அம்மா?" என்றாய். "வை. கடலுக்குக் குடுத்தது போதும், மிச்சத்த நாம வச்சிருப்பம்" என்றேன். நீ போய்ப் பலகையைக் கழற்றத் தொடங்கினாய். நான் கூடாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன், சத்தம் கேட்கக் கூடாதென்று.

பழைய மரத்தில் வேலை செய்வதென்றால் பாதி வேலை ஆணி பிடுங்குவதுதான் என்று அப்போதுதான் கண்டேன். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பிடுங்கலாம், தலை முறிந்து உள்ளே மறைந்திருப்பதுதான் வாளின் பல்லை உடைக்கிறது. இரவல் வாங்கிய வாள் வேறு. நான் கீழே விழுந்த ஊசி பொறுக்குவதற்கு வைத்திருந்த காந்தம் போல ஒன்று வேண்டுமென்று சொல்லி, உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கரைப் பிரித்துக் காந்தத்தை எடுத்தாய். அதை என் நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பலகையின் மேலே மெல்ல நடத்திக்கொண்டு போவாய். ஆணி ஒளிந்திருக்கிற இடத்தில் காந்தம் சடக்கென்று தலையைச் சாய்க்கும். தையல்காரி மகனென்று பெயர் சொல்லாமல் சொன்னாய், போ. பிடுங்கிய ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தித் தங்கச்சியிடம் கொடுப்பாய். சீவுளி இல்லாததால் போத்தல் கண்ணாடித் துண்டால் பலகையைச் சுரண்டினாய். மேலிருந்த உப்பும் சாம்பல் நிறமும் போய் உள்ளேயிருந்து மஞ்சள் மரம் வந்தது. நான் தடவிப் பார்த்தேன், பட்டுத்துணி தோற்றுப்போகும்.

இனித்தான் நம் வீட்டார் மட்டுமே விடக்கூடிய அந்தப் பிழை. பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று நீ மனதுக்குள் வடிவமைத்துவிட்டாய். அடிப்பலகையில் மெசின் பூட்டியபடி இருக்க வேண்டும், மேலே மூடியைத் தூக்கி வைத்துக் கொக்கி போட வேண்டும், மூடிக்குமேல் ஒரு கைபிடி, அடியில் நனையாமல் இரண்டு சட்டம். அளவுக்கு என்ன செய்வது? நமக்குத் தெரிந்த ஒரே வழி சட்டை வெட்டுகிற வழி. பழைய பேப்பரை விரித்து, மெசினுக்கு முன்பக்கம், பின்பக்கம், கை என்று நான் கத்தரித்துத் தர, நீ அதைப் பலகையில் வைத்துக் கோடு கீறினாய். "தையலுக்கு அரை அங்குலம் விடு மனே" என்று வேறு சொன்னேன், பெரிய மனுசியாட்டம். நீயும் விட்டாய். எல்லாம் வெட்டி, அறைந்து, மூடியைத் தூக்கி மெசின்மேல் இறக்கினால், இறங்கவில்லை! சுற்றுகிற சில்லு பக்கப் பலகையில் முட்டிக்கொண்டு நிற்கிறது. இந்தப் பக்கம் தள்ளினாய், அந்தப் பக்கம் தள்ளினாய். தங்கச்சி ஏறி உட்கார்ந்து பார்த்தாள். ம்ஹூம்.

நீ சில்லையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குத்தான் விளங்கியது. "அட மனே, துணிக்குத் தடிப்பில்ல, பலகைக்குத் தடிப்பு இருக்கே!" என்றேன். இரண்டு பக்கமும் ஒவ்வோர் அங்குலத்தைப் பலகையே தின்றுவிட்டது. சொல்லி முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கிருந்து வந்ததோ தெரியாது, அடக்க அடக்க வந்தது. நீயும் சிரித்தாய், தங்கச்சி பெட்டிமேல் இருந்தபடியே உருண்டாள். அப்பா போனபிறகு நாம் சிரித்த முதல் சிரிப்பு. பக்கத்துக் கூடாரத்திலிருந்து பாக்கியக்கா எட்டிப் பார்த்து, "என்னகா, பைத்தியம் பிடிச்சிற்றா?" என்று கேட்டுவிட்டு, காரணம் சொன்னதும் அவளும் இருந்து சிரித்தாள். அந்த ஒரு பிழைக்காக நான் உனக்கு என்றைக்கும் நன்றி சொல்ல வேண்டும், மகன். துக்கத்துக்குள்ளும் சிரிக்கலாம், அதற்குப் போனவர்கள் கோபிக்க மாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

வேறொருவன் என்றால் பெட்டியைத் தூக்கி அடுப்பில் வைத்திருப்பான். நீ கேட்டாய், "சட்டை கக்கத்தில பிடிச்சா என்னம்மா செய்வீங்க?" என்று. "சட்டையையா எறியிறது? சின்னத் துண்டொண்டு சேத்துத் தைப்பன்" என்றேன். உடனே பக்கப் பலகையில் சில்லு முட்டுகிற இடத்தைச் சதுரமாய் வெட்டி எடுத்தாய். அதற்கு வெளியே, பாக்கியக்காவின் கதவில் மிஞ்சிய வேப்பம் பலகையில் ஒரு சின்னக் கூடு செய்து ஒட்டினாய். பெட்டிக்கு ஒரு பக்கம் வயிறு தள்ளியது. மூடி இறங்கியது, சில்லு அந்த வயிற்றுக்குள் போய் உட்கார்ந்தது. ஊரில் அதற்கு 'புள்ளத்தாச்சிப் பெட்டி' என்று பெயர் வைத்தார்கள். வைத்தால் வைக்கட்டும். அளவெடுத்துக் கடையில் செய்த பெட்டிகளை நான் பிறகு கண்டிருக்கிறேன், ஒன்றுக்கும் அந்த அழகில்லை.

கடைசியில் இணைப்புகளிலெல்லாம் பஞ்சு திணித்து, தேங்காயெண்ணெயில் குங்கிலியம் உருக்கி ஊற்றி அடைத்தாய், தோணிக்குச் செய்கிறது போல. "மெசின் என்ன மீன் பிடிக்கவா போகுது? எண்ணெய வீணாக்காத" என்று நான் புறுபுறுத்தேன். "மழைக்கு அம்மா" என்றாய். மழைக்கு மட்டும்தானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

மீண்டும் சண்டை வந்தது. வாகரைப் பக்கம் ஆமி அடிக்கிற செல் குண்டு விழத் தொடங்கி, இனி இருக்க ஏலாது என்று ஊர் கிளம்பியபோது மாரிமழை, வாவி நிறையத் தண்ணீர். கையோடு எடுக்கக் கூடியது எதுவென்று யோசிக்கவே நேரமில்லை. நீ பெட்டியைத் தோளில் வைத்தாய். காட்டுக்குள்ளால் நடந்து வாவிக் கரைக்கு வந்தால், வேலாப்போடி அண்ணனின் தோணி நிறையக் கிழவரும் பிள்ளைகளும். "ஆக்கள் மட்டுந்தான். பெட்டி கிட்டி ஒண்டும் ஏத்த மாட்டன்" என்று அவர் சொன்னார். அவர் சொன்னது நியாயம். நீ அவரோடு ஒரு வார்த்தை வாதாடவில்லை. என்னையும் தங்கச்சியையும் ஏற்றிவிட்டாய். பிறகு மெசினைத் தூக்கி வெளியே வைத்து, மூடியை மல்லாத்தித் தண்ணீரில் விட்டாய். அது மிதந்தது! அடிப்பலகையோடு மெசினைத் தலைகீழாய் உள்ளே இறக்கினாய், அடிப்பலகையே மேல்மூடியாக வர என் சேலையால் கட்டினாய். அதைத் தள்ளிக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி எங்கள் தோணிக்குப் பின்னால் வந்தாய்.

நடுவில் ஆழம். நிலம் எட்டாமல் நீ நீந்தத் தொடங்கினாய். எங்கோ தூரத்தில் செல் வெடிக்கிற சத்தம் தண்ணீருக்கு மேலால் வருகிறது. தோணிக்குள்ளிருந்து நான், "விடுடா அத! மெசின் போனாப் போகட்டும், விட்டுட்டு வா!" என்று கத்தினேன். தங்கச்சி என் வாயைப் பொத்தினாள், பிள்ளைகள் பயந்து அழுகிறார்கள் என்று. நீ விடவில்லை. ஒரு கையால் தண்ணீரை அடித்து, மறு கையால் பெட்டியைத் தள்ளி வந்துகொண்டேயிருந்தாய். அன்றைக்கு எனக்கு நீ கடவுளாகவும் தெரிந்தாய், பிடித்து அறைய வேண்டிய முட்டாளாகவும் தெரிந்தாய். இரண்டும் இன்றும் அப்படியேதான். அக்கரையில் ஏறினபோது உன் உதடு நீலம். ஆமிக்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். இளந்தாரிகளை அவர்கள் தனியாய் நிறுத்திக்கொண்டிருந்தார்கள், நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பொடியன் சிப்பாய் உள்ளே பார்த்தான், சில்லைச் சுற்றிப் பார்த்தான், மெசின் டக டக என்றது. யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான் போல. நீ என்னைக் காட்டி, "அம்மே" என்றாய். அவன் என்னைப் பார்த்தான், பெட்டியின் வயிற்றைப் பார்த்தான், சிரித்துவிட்டுப் போகச் சொன்னான். முகாமில் மூன்றாம் நாளே நான் தைக்கத் தொடங்கிவிட்டேன்.

சண்டை முடிந்தது என்று ரேடியோவில் சொன்ன அன்று நாம் ஊருக்குத் திரும்பியிருந்தோம். நீ தங்கச்சியின் புது வீட்டுக்கு நிலை வைத்துக்கொண்டிருந்தாய். வடக்கே எவ்வளவு சனம் செத்ததோ என்று நான் ரேடியோவை நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து நீ கேட்டாய்: "இனி ஓடத் தேவையில்லத்தானே அம்மா? பெட்டிட கைபிடியக் கழட்டட்டா? துணி கொழுவிக் கிழியுது." நான், "இருக்கட்டும், ஆர் கண்ட" என்றேன். கைபிடி இன்னும் இருக்கிறது.

இவ்வளவையும் நிரோசா கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குங்கிலியம் பூசிய இணைப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இப்ப விளங்குது மாமி, அவர் இன்னும் வாவிக்கு நடுவிலதான் நிக்கிறார்" என்றாள். பார், உனக்கு ஏற்ற புத்திக்காரி! நான் போனிலும் நேரிலும் சொல்லத் தெரியாமல் திண்டாடியதை அவள் ஒரு சொல்லில் சொல்லிவிட்டாள். மகன், நாங்கள் கரையேறிவிட்டோம். தங்கச்சிக்கு வீடு இருக்கிறது, குசினி இல்லாவிட்டால் முற்றத்தில் சமைப்போம், இவ்வளவு காலம் எங்கே சமைத்தோமாம்? எனக்குத் தையல் இருக்கிறது. நீ தூக்கியதெல்லாம் போதும். உன்னைப் போல் ஒரு பிள்ளையைப் பெற்றதற்கு நான் கும்பிடாத தெய்வமில்லை, அதற்காக உன்னை வீட்டில் கட்டி வைத்துக்கொள்ள நான் தாயா, கட்டுத்தறியா?

நான் போனால் யார் பார்ப்பது, உடைந்தால் யார் திருத்துவது என்று நீ வாய் திறக்கும்போதெல்லாம் கேட்கிறாய். அதனால் ஒரு வேலை செய்தேன். நீ ஹோட்டல் வேலைத்தளத்திலிருந்து விறகுக்கென்று லொறியில் அனுப்பினாயே, சாமான் ஏற்றி வந்த பலகைத் தட்டுகள், அவற்றில் நல்ல பலகைகளை எரிக்காமல் எடுத்து வைத்திருந்தேன். நிரோசா போன அடுத்த நாள் தங்கச்சியைப் பிடித்து, "ஒரு பக்கத்தப் பிடி" என்று சொல்லி வாளை எடுத்தேன். ஐயோ, மரம் வெட்டுவது துணி வெட்டுவதைப் போலவா! கோடு ஒரு பக்கம், வாள் ஒரு பக்கம். கட்டைவிரலில் சுத்தியலால் ஒன்று போட்டுக்கொண்டேன், நகம் கறுத்திருக்கிறது. ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்க வேண்டுமே என்று ஒரு கிழமை மினக்கெட்டேன். நீ எப்படி இதையெல்லாம் முகம் சுளிக்காமல் செய்தாய் என்று ஒவ்வோர் ஆணிக்கும் நினைத்தேன். ஆனால் செய்து முடித்துவிட்டேன். ஒரு பெட்டி. நான் செய்தது. உன் சேட்டுகளும் சாரன்களும் ஒரு பக்கம், உளியும் சுத்தியலும் மறு பக்கம் வைக்கலாம், நடுவில் தடுப்புப் பலகைகூட வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் கடைப் பையோடு போய் இறங்கக் கூடாது.

மூடிதான் கொஞ்சம் இடறுகிறது. இடது பக்கம் தட்டினால் வலது பக்கம் எழும்புகிறது, வலது பக்கம் தட்டினால் இடது பக்கம் எழும்புகிறது. "அண்ணன் வந்தா சீவி விடுவார்" என்று தங்கச்சி சொன்னாள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கயிறு போட்டுக் கட்டி, வாசலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வைகாசிக்கு வா, தூக்கிக்கொண்டு போ. கரடியனாற்றில் உன் பொண்டாட்டி வீட்டு முற்றத்தில் வைத்துத் திருத்து. இங்கே வைத்துத் திருத்த நான் விடமாட்டேன்.

அம்மா